புகைக்கூடத்தில் மின்விசிறி எதற்கு?

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடங்களில் ஒரே அடுப்பு, ஒரே விறகுதான். ஆனாலும் மேலே தொங்கும் ஷீட் தேன் நிறத்தில் தெளிந்துவிடும். கீழ் மூலையில் கிடப்பதில் வெள்ளைப் புள்ளிகள் மறையாமல் இருக்கும். ஏன்?

சூடான காற்று அடர்த்தி குறைந்தது. நேரே கூரைக்கு ஏறிவிடும். போதாததற்கு, ஷீட்டை ஒட்டி ஈரக்காற்றின் மெல்லிய படலம் ஒன்று அசையாமல் நிற்கும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஈரம் நிறைந்தபின் மேலும் நீராவியை ஏற்காது. கூடத்துக்குள்ளேயே காற்று சுழலும்படி மின்விசிறி வைத்தால் அந்தப் படலம் மெலியும். வெப்பம் ஷீட்டுக்குள் போகும், ஈரம் வெளியே வரும்.

லண்டன் வீடுகளில் வெந்நீர் ரேடியேட்டருக்கு அடியில் சின்ன விசிறிகள் பொருத்துவதும் இதே காரணத்துக்காகத்தான். சில வாட் மின்சாரமே போதும். கண்டென்சிங் பாய்லர் என்றால் இன்னொரு ஆதாயமும் உண்டு: அறைக்கு அதிக வெப்பம் கொடுத்த தண்ணீர் ஆறித் திரும்புகிறது. அது சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், புகையிலுள்ள நீராவி நீராகி, தன் வெப்பத்தையும் கொடுத்துவிடும்.

ரப்பருக்கு விசிறி பெரிதும் உதவுவது தொடக்கத்தில்தான். பிறகு ஈரம் ஷீட்டின் உள்ளிருந்து மெல்லக் கசிந்து வர வேண்டும். காற்றால் அதை அவசரப்படுத்த முடியாது. பொறுமையிழந்து 60 டிகிரியைத் தாண்டிச் சூடேற்றினால் ஷீட் கொப்புளிக்கும். ஈரக்காற்று வெளியேறக் கூரைத் துவாரமும் திறந்திருக்க வேண்டும்.