காளான் கேப்சூலில் காளான் எவ்வளவு?

கொரோனாவுக்குப் பிறகு என் சிப்பிக் காளானுக்கு மவுசு கூடிவிட்டது. பிரியாணிக்கும் குருமாவுக்கும் வாங்கிப் போனவர்கள், "இதைச் சாப்பிட்டா வைரஸ் அண்டாதாமே, அப்படியாங்க?" என்று கேட்டு வாங்குகிறார்கள். அவர்களுக்குக் காளானைக் கொடுக்கும் நாங்களோ முகக்கவசம் கட்டிக்கொண்டுதான் காளான் வளர்க்கும் குடிலுக்குள் நுழைகிறோம். சிப்பிக் காளான் விரிந்துவிட்டால் ஸ்போர் தூள் புகை மாதிரி பறக்கும். தொடர்ந்து சுவாசித்தால் இருமல் வரும், சிலருக்குக் காய்ச்சலே வரும். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி காளானைக் கண்டு விழித்துக்கொள்வது உண்மை. அந்த விழிப்பு எந்நேரமும் நமக்குச் சாதகமாகவே இருக்கும் என்று யார் சொன்னது?

காளானின் செல் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. நம் வெள்ளை அணுக்கள் சிலவற்றின் மேல் டெக்டின்-1 என்றொரு புரதம். இரண்டும் ஒட்டிக்கொண்டால், பூஞ்சை ஏதோ புகுந்துவிட்டது என்று உடம்பு உஷாராகும்.

ஜப்பானில் இதை மருந்தாகவே ஆக்கிவிட்டார்கள். ஷிடாகே காளானிலிருந்து லென்டினான் என்ற பீட்டா குளுக்கானைப் பிரித்தெடுத்த கோரோ சிஹாராவின் குழு, 1969இல் நேச்சர் இதழில் அதைப் பற்றி எழுதியது. 1985இல் இரைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோதெரபியோடு தரும் துணை மருந்தாக அங்கே அனுமதி கிடைத்தது. ஊசி மருந்தாக! எதிர்ப்பு சக்தி கூடும் என்று சொல்லி விற்கும் காளான் கேப்சூல்களின் எந்த விளம்பரத்திலும் இந்த ஒரு விவரம் மட்டும் என் கண்ணில் பட்டதில்லை.

வைரஸ் சங்கதியில் நான் படித்தவற்றுள் கெட்டியான சோதனை தேனீக்களிடம் நடந்தது. பால் ஸ்டாமெட்ஸ் என்ற அமெரிக்கக் காளான் வல்லுநர், தன் தோட்டத்து மரச்சில்லுகளில் படர்ந்திருந்த வெள்ளைக் காளான் இழையைத் தேனீக்கள் தேடி வந்து உறிஞ்சுவதைப் பார்த்தார். பல வருஷம் கழித்து வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் வால்டர் ஷெப்பர்டும் அவரும் சேர்ந்து, மரக்காளான்களின் இழைச்சாற்றைச் சர்க்கரைப் பாகில் கலந்து தேன்கூடுகளுக்கு வைத்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. ரெய்ஷி இனக் காளானின் சாறு குடித்த கூடுகளில், சிறகைக் கோணலாக்கும் வைரஸ் மற்ற கூடுகளைவிட 79 மடங்கு குறைவு. லேக் சினாய் வைரஸ் 45,000 மடங்கு குறைவு. படித்துவிட்டு நானே வாயைப் பிளந்தேன். ஆனால் நமக்கு இருப்பதுபோல் தேனீக்கு ஆன்டிபாடி கிடையாது. அதன் எதிர்ப்பு சக்தியின் கட்டுமானமே வேறு. ஸ்டாமெட்ஸ் காளான் கேப்சூல் விற்கும் நிறுவனமும் நடத்துகிறார் என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டு, எதிர்ப்பு சக்தியை அடக்க மாத்திரை விழுங்குபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கேப்சூல்கள் பக்கம் போகவே வேண்டாம். சாகா என்ற காளானில் ஆக்ஸலேட் அதிகம். அதன் பொடியைத் தினமும் குடித்துச் சிறுநீரகம் பழுதான நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

இனி கேப்சூலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நாங்கள் வாங்கும் காளான் விதை, வேகவைத்த சோளத்தின் மேல் இழை படரவிட்டுப் பையில் வரும். பல கேப்சூல்களும் ஏறக்குறைய இதே சரக்குதான்: அரிசியிலோ வேறு தானியத்திலோ இழையை வளர்த்து, தானியத்தோடு சேர்த்துக் காயவைத்து அரைத்தது. லேபிளில் 'பாலிசாக்கரைடு' இத்தனை சதவீதம் என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள், தானிய மாவும் அந்தக் கணக்கில் சேரும். பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் வாங்கிய 19 ரெய்ஷி கேப்சூல், மாத்திரைகளைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், லேபிளில் சொன்னபடி இருந்தவை ஐந்தே ஐந்து.

வீட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், கேப்சூலைப் பிரித்துப் பொடியைத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு ஆறவையுங்கள். மேலே ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறினால் தானிய மாவு இருக்கிறது. காளானில் ஸ்டார்ச் கிடையாது.