மரி தெ மெதிசியின் முடிசூட்டு விழா
ஓவியர்: பீட்டர் பால் ரூபன்ஸ் (1622–1625), லூவர் அருங்காட்சியகம், பாரிஸ்

பொன் லில்லிப் பூக்கள் பதித்த நீல அங்கியில் மண்டியிட்டிருப்பவர் பிரான்சின் அரசி மரி. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்து, 1600-இல் நான்காம் ஹென்றிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பத்தாண்டு கழித்துத்தான், 1610 மே 13 அன்று, சான்-தெனி தேவாலயத்தில் அவருக்கு முடிசூட்டினார்கள். பின்புற மாடத்தில் நின்று பார்ப்பவர் கணவர். மறுநாளே பாரிஸ் தெருவில் அவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். முந்தின நாள் சூடிய முடி, அயல்நாட்டுப் பெண்ணின் ஆட்சியுரிமைக்குப் பெரும் பலமானது.

எட்டு வயது மகன் பதின்மூன்றாம் லூயியின் பெயரால் மரி நாட்டை ஆண்டார். பகை நாடான ஸ்பெயினோடு சம்பந்தம் செய்து போரைத் தவிர்த்தார். அது துணிச்சலான முடிவு. ஆனால் இத்தாலியரான கொன்சினிக்கு அளவுமீறி இடம்கொடுத்தது அவரை வீழ்த்தியது. 1617-இல் லூயி கொன்சினியைக் கொல்லச் செய்து, தாயைப் புளுவா கோட்டைக்கு அனுப்பிக் காவலில் வைத்தார். 1619 பிப்ரவரியில் ஓர் இரவு, சன்னல் வழியே இறங்கித் தப்பினார் மரி.

மகனோடு சமாதானமான பின், தம் லக்சம்பர்க் மாளிகைக்கென அவர் வரையச் சொன்ன 24 ஓவியங்களில் இதுவும் ஒன்று. அகலம் 7 மீட்டருக்கும் அதிகம். வானிலிருந்து அரசிமேல் பொற்காசு கொட்டுவதையும், முன்புறம் இரண்டு நாய்கள் நிற்பதையும் கவனியுங்கள். 1631-இல் மரி நாட்டைவிட்டே வெளியேறினார். 1642-இல் கொலோன் நகரில் காலமானார்.