முதுமைத் தசையிழப்பு

முதுமைத் தசையிழப்பு அல்லது சார்க்கோபீனியா என்பது வயது கூடும்போது எலும்புத்தசைகளின் திணிவும் வலிமையும் குறைந்து செல்லும் நிலையாகும். பொதுவாக மெதுவாக ஏற்படும் இவ்விழப்பு, நோயினாலோ எலும்பு முறிவினாலோ படுக்கையில் இருக்க நேரும்போது விரைவடைகின்றது. இடுப்பெலும்பு முறிவுற்ற முதியவருக்கு எலும்பு பொருந்திய பின்னரும், தொடைத்தசைகள் நலிந்திருந்தால் நாற்காலியிலிருந்து தாமாக எழுவது கடினம். எனவே மறுவாழ்வு மருத்துவத்தில் உணவும் உடற்பயிற்சியும் இணைந்தே திட்டமிடப்படுகின்றன.

பெயர்

கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்பது சதையையும் 'பீனியா' என்பது குறைவையும் குறிக்கும். அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் 1989 ஆம் ஆண்டில் இச்சொல்லை எழுத்தில் அறிமுகப்படுத்தினார்.

காரணங்கள்

தசைப் புரதம் உடலில் தொடர்ந்து சிதைந்தும் மீண்டும் உருவாகியும் வருகின்றது. இயக்கமின்மை புரத உருவாக்கத்தைக் குறைக்கின்றது. காயம், தொற்று, அறுவை மருத்துவம் ஆகியவற்றால் உண்டாகும் அழற்சி சிதைவைக் கூட்டுகின்றது. 2007 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நலமுடன் இருந்த முதியவர்கள் 10 நாட்கள் படுக்கையிலேயே இருந்தபோது அவர்களின் கால்களில் சராசரியாக ஏறத்தாழ 1 கிலோகிராம் கொழுப்பற்ற திசு குறைந்தது. நோயாளிகளில் அழற்சியும் பசியின்மையும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

புரதத் தேவை

ஒரே அளவு புரதத்தை உண்டாலும், முதியவரின் தசை இளையவரின் தசையைவிடக் குறைவாகவே அதனைப் பயன்படுத்திக்கொள்கின்றது. இதனால் நலமுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரையும், நோயுற்றவருக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரையும் புரதம் தேவை என 2013 இல் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. எடுத்துக்காட்டாக, 60 கிலோகிராம் எடையுள்ள நோயாளிக்கு இது 72 முதல் 90 கிராம் ஆகும். ஒரு கோழி முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமே உள்ளது. ஆகவே கஞ்சியையும் ரொட்டியையும் மட்டும் உண்பவர் இவ்வளவை எட்டுவது அரிது. பால், தயிர், பருப்பு, மீன், முட்டை, இறைச்சி போன்றவற்றை மூன்று வேளைகளிலும் பகிர்ந்து உண்பது பரிந்துரைக்கப்படுகின்றது. கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இவ்வளவு பொருந்தாது. அவர்களுக்குரிய அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

உடற்பயிற்சி

1994 இல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த 100 பேர் 10 வாரங்கள் பங்கேற்றனர். அவர்களின் சராசரி வயது 87. எடைப்பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. நடை வேகமும் கூடியது. சத்துப் பானம் மட்டும் அருந்தியவர்களிடம் இம்முன்னேற்றம் காணப்படவில்லை. பானமும் பயிற்சியும் பெற்றவர்களில் மட்டுமே நாளின் மொத்த ஆற்றல் உட்கொள்ளல் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தது. உணவு தசைக்கான மூலப்பொருளைத் தருகின்றது. அதனைத் தசையாக்கத் தூண்டுவது பயிற்சியே ஆகும்.

கண்டறிதல்

உடல் எடையை மட்டும் கொண்டு இந்நிலையை அறிய இயலாது. உடற்பருமனும் நீர்க்கோப்பும் தசையிழப்பை மறைக்கக்கூடும். ஆசிய வல்லுநர் குழு 2019 இல் வகுத்த அளவுகோலின்படி, கைப்பிடி வலிமை ஆண்களில் 28 கிலோகிராமுக்கும் பெண்களில் 18 கிலோகிராமுக்கும் குறைவாக இருப்பது தசை வலிமைக் குறைவைக் காட்டுகின்றது.

உண்பதற்கான தடைகள்

பக்கவாதத்திற்குப் பின் ஏற்படும் விழுங்கற் கோளாறு, பல்லிழப்பு, மனச்சோர்வு, மலச்சிக்கல், சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவை உணவைக் குறைக்கின்றன. தட்டில் வைக்கப்பட்ட உணவில் எவ்வளவு உண்ணப்பட்டது என்பதை நாள்தோறும் குறித்து வைப்பது, இக்குறையை விரைவில் அறிய உதவும் எளிய முறையாகும்.