கோட்டுக்கு வெளியே நின்று கோடிகளை அள்ளியவர்

75–73. பெங்களூர் கூடைப்பந்துப் பைத்தியம் யாரிடமாவது இந்த ஸ்கோரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். 2017 ஜூலையில் ஸ்ரீ கண்டீரவா உள்ளரங்கில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவு இறுதிப் போட்டியில், நம் பெண்கள் கஜகஸ்தானைச் சாய்த்து ‘ஏ’ பிரிவுக்கு ஏறிய ஸ்கோர் அது. கேப்டன் நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை.

இதே 75–73 இன்னொருவரை அழ வைத்திருக்கிறது. 2014 மார்ச், அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் சேலம் நகரம். ஆமாம், அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது! கல்லூரிகளின் மூன்றாம் பிரிவு இறுதிப் போட்டி. ஆட்டத்தின் கடைசி விநாடிகள். விஸ்கான்சின்–ஒயிட்வாட்டர் வீரர் ஒருவர் மைதானத்தின் நீளம் முழுக்க ஓடிவந்து பந்தைக் கூடையில் போட்டுவிட்டார். வில்லியம்ஸ் கல்லூரிக்குக் கோப்பை கைநழுவியது. தோற்ற அணியில் ஒரு முதலாமாண்டு மாணவர் இருந்தார். 6 அடி 7 அங்குலம் உயரம். தூரத்திலிருந்து எறிந்தால் நூற்றுக்கு நாற்பத்தைந்து விழும். பெயர் டங்கன் ராபின்சன்.

அந்தப் பையன் அடுத்த ஏழு ஆண்டுகளில் 9 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றைய மதிப்பில் சுமார் 660 கோடி ரூபாய். இடையில் அவர் செய்த பெரிய காரியம் ஒன்றே ஒன்று: கல்லூரி மாறினார். மாறிய இடத்தில் என்ன நடந்தது? வாங்க, திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிடலாம்.

மூன்றாம் தட்டிலிருந்து முதல் தட்டுக்கு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்று தட்டுகள் உண்டு. முதல் தட்டில் மிச்சிகன், டியூக் மாதிரி ஜாம்பவான்கள். ஆயிரக்கணக்கானோர் உட்காரும் அரங்கம், தொலைக்காட்சி நேரலை, விளையாட்டுக்காகவே படிப்புச் செலவு மொத்தத்தையும் ஏற்கும் உதவித்தொகை. மூன்றாம் தட்டில் வில்லியம்ஸ் போன்ற சிறு கல்லூரிகள். படிப்பில் கொடிகட்டிப் பறப்பவை; ஆனால் விளையாட்டுக்கென்று ஒரு பைசா உதவித்தொகை கிடையாது. மூன்றிலிருந்து ஒன்றுக்கு, அதுவும் முழு உதவித்தொகையோடு தாவுவது அன்றைக்கு அபூர்வமான சங்கதி.

ராபின்சன் தாவினார். எப்படி? இங்கேதான் திரைக்குப் பின்னால் ஒரு சுவாரசியம் ஒளிந்திருக்கிறது. வில்லியம்ஸில் அவருக்குப் பயிற்சியளித்தவர் மைக் மேக்கர். அந்த இறுதிப் போட்டிக்குப் பிறகு மேக்கர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். மேக்கர் யாரிடம் தொழில் கற்றவர் தெரியுமா? வெஸ்ட் வர்ஜீனியாவில் ஜான் பைலைன் என்கிற பயிற்சியாளரிடம். அந்த பைலைன்தான் 2014இல் மிச்சிகனின் தலைமைப் பயிற்சியாளர்! குருவின் ஆட்ட முறையை சீடர் வில்லியம்ஸில் ஆட வைத்திருந்தார். அதில் பழகிய பையன் நேராக குருவிடமே போய்ச் சேர்ந்தார்.

அதனால் மிச்சிகன் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் போய் இறங்கியபோது ஊர் புதிது, கூட்டம் புதிது, எதிராளிகள் இரண்டு மடங்கு பலசாலிகள். ஆட்டம் மட்டும் பழகிய ஆட்டம். எங்கே நிற்க வேண்டும், எப்போது வெட்டி ஓட வேண்டும், பந்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் எல்லாம் அத்துப்படி. கல்லூரி மாறி ஜெயிப்பதில் முக்கால் பங்கு இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பெயர் பெற்ற இடமா என்பது இரண்டாவது கேள்வி. நம் கையில் இருக்கும் ஒரு வித்தைக்கு அங்கே வேலை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

ஆடாத ஒரு வருடம்

அந்தக் காலத்து விதிப்படி, இப்படி மாறுகிறவர் ஒரு பருவம் முழுக்கப் போட்டியில் ஆட முடியாது. பயிற்சிக்கு வரலாம், எடை தூக்கலாம், போட்டி நாளில் சாதாரண உடையில் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டலாம். அவ்வளவுதான். 2021இல்தான் ஒரு தடவை மாறுகிறவர்கள் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்தது. இப்போது இடமாற்றத்துக்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறது. பருவம் முடிந்ததும் அதில் பெயர்கள் வந்து குவிகின்றன.

ராபின்சனுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 2014–15 முழுக்க உடம்பை ஏற்றினார். ஒல்லிப்பிச்சான் தோள்களோடு முதல் பிரிவில் நின்றால் இடித்தே தள்ளிவிடுவார்கள். நல்ல தடுப்பாளர்களை எதிர்த்துத் தினமும் எறிந்து பழகினார். காத்திருந்து களத்தில் இறங்கிய முதல் பருவத்திலேயே கோட்டுக்கு வெளியிலிருந்து 95 மூன்று புள்ளி எறிதல்கள், 45 சதவீதத் துல்லியம். மூன்றாம் தட்டில் இருந்த அதே சதவீதம், முதல் தட்டிலும்! எதிராளி மாறினாலும் மணிக்கட்டு மாறவில்லை.

கடைசி ஆண்டில் ஒரு சறுக்கல். தொடக்க ஐவரில் இருந்த இடம் முதலாமாண்டு மாணவர் ஒருவருக்குப் போனது. இவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆடினார். மிச்சிகன் ஆடும் ‘பிக் டென்’ வட்டாரத்தின் சிறந்த ஆறாவது வீரர் விருதையும் வாங்கிக்கொண்டார். 2018 ஏப்ரலில் மிச்சிகன் தேசிய இறுதிக்குப் போய் வில்லனோவாவிடம் 79–62 என்று தோற்றது. மூன்றாம் பிரிவு இறுதி, முதல் பிரிவு இறுதி இரண்டிலும் ஆடிய முதல் மனிதர் ராபின்சன்தான். இரண்டிலும் தோல்வி என்பது வேறு விஷயம்!

வளையத்துக்குள் ஒரு கணக்கு

இப்போது அந்த எறிதலைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். எனக்கு இந்தப் பகுதிதான் உச்சி குளிரும் இடம்.

வளையத்தின் விட்டம் 18 அங்குலம். ஆண்கள் பந்தின் விட்டம் ஒன்பதரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது இரண்டு பந்துகளை ஒட்டி வைத்தால் வளையத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். ‘அடேயப்பா, இவ்வளவு இடம் இருக்கிறதா’ என்று தோன்றும். ஆனால் பந்து நேர் மேலேயிருந்து விழுவதில்லையே. சாய்வாக வருகிறது. 45 டிகிரி சாய்வில் வரும் பந்தின் பார்வையில் வளையம் சுமார் 12.7 அங்குலமாகச் சுருங்கிவிடும். 30 டிகிரியில் தட்டையாக வந்தால் வெறும் 9 அங்குலம். பந்தைவிடச் சின்ன ஓட்டை! கம்பியில் படாமல் உள்ளே போகவே முடியாது. ‘வில்லு மாதிரி வளைச்சுப் போடுடா’ என்று கோச்சுகள் தொண்டை கிழியக் கத்துவதன் காரணம் இந்தக் கணக்குதான்.

தூரத்தையும் பாருங்கள். கண்டீரவாவிலும் நம் ஊர் மைதானங்களிலும் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது. ராபின்சன் ஆடிய நாளில் அமெரிக்கக் கல்லூரிக் கோடு 6.32 மீட்டர். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் 7.24 மீட்டர், மூலைகளில் மட்டும் கொஞ்சம் கிட்டே. கல்லூரியிலிருந்து தொழில்முறைக்குப் போகிறவர் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் பின்னால் தள்ளி நின்று, அதே மணிக்கட்டு, அதே வளைவு, அதே நிதானம் என்று எறிந்தாக வேண்டும். பலர் அந்த ஒரு மீட்டரில்தான் கரைந்து போகிறார்கள்.

ராபின்சன் கரையவில்லை. 2018இல் என்.பி.ஏ. தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. மயாமி ஹீட் அணி அரைகுறை ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்தது. பாதி நாள் சூ ஃபால்ஸ் என்ற ஊரில் துணை லீக் ஆட்டம். 2019–20இல் வெடித்தார்: 606 எறிந்து 270 விழுந்தன. 44.6 சதவீதம். அவருடைய மொத்த எறிதல்களில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது கோட்டுக்கு வெளியிலிருந்துதான். ஒரு எறிதலுக்குச் சராசரி 1.34 புள்ளி. கூடைக்குக் கீழே நின்று இரண்டு புள்ளி எறிகிறவர் இதை எட்டிப்பிடிக்க வேண்டுமென்றால் நூற்றுக்கு 67 போட வேண்டும்!

பந்து கையில் இல்லாதபோது

சரி, எதிரணிக்கு இது தெரியாதா? தெரியும். ஒரு தடுப்பாளர் சட்டையைப் பிடிக்காத குறையாக ஒட்டிக்கொண்டே திரிவார். பிறகு எப்படி எறிய இடம் கிடைக்கிறது?

இங்கேதான் இரண்டாவது நாயகன் வருகிறார்: பாம் அடெபாயோ, மயாமியின் மலை போன்ற சென்டர். பந்து பாமிடம் இருக்கும். ராபின்சன் மூலையில் சும்மா நிற்பதுபோல் நிற்பார். திடீரென்று பாமை நோக்கி ஓட்டம். பாஸ் செய்வதில்லை, கைக்குக் கை பந்தைக் கொடுக்கிறார்கள், தொடர் ஓட்டக் கோலைக் கொடுப்பதுபோல. அந்தக் கணத்தில் துரத்தி வந்த தடுப்பாளர் பாமின் உடம்பில் போய் மோதுகிறார்; இப்படி உடம்பால் வழிமறிப்பதுதான் ‘ஸ்க்ரீன்’. அரை விநாடி! இடதுகால், வலதுகால், உடம்பு காற்றில் திரும்புகிறது, பாதம் தரையைத் தொடுவதற்குள் பந்து போய்விட்டது. தடுப்பாளர் முந்திக்கொண்டு குறுக்கே வந்தால்? ராபின்சன் சட்டென்று கூடைப் பக்கம் வெட்டி ஓடுவார். பாம் கொடுப்பதுபோல் கொடுக்காமல் தானே உள்ளே புகுந்துவிடுவார். எப்படிப் பார்த்தாலும் எதிரணிக்குத் தலைவலி.

2020 அக்டோபர் 10, சனிக்கிழமை. நம் நேரம் காலை ஆறரைக்குத் தொடங்கிய என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் உலகமே இதைப் பார்த்தது. ராபின்சன் ஏழு மூன்று புள்ளிகள், மொத்தம் 26. சக வீரர் ஜிம்மி பட்லர் 35. எதிரணியான லேக்கர்ஸை மயாமி 111–108 என்று மடக்கியது. தொடரை லேக்கர்ஸ்தான் ஜெயித்தது. ஆனால் அடுத்த ஆகஸ்டில் அந்த 9 கோடி டாலர் வந்தது. தேர்வில் எடுக்கப்படாத ஒருவருக்கு அதுவரை கிடைத்ததில் மிகப் பெரிய ஒப்பந்தம். பிறகு ஆயிரம் மூன்று புள்ளிகளை 343 ஆட்டங்களில் கடந்து வேக சாதனையும் படைத்தார்.

இத்தனையிலும் அவருக்கு எல்லாம் வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தடுப்பாட்டத்தில் எதிரணிகள் அவரைத் தேடித் தேடிக் குறிவைத்தன. ஒரு வித்தை மட்டும் அபாரம். அந்த வித்தையை மையமாக வைத்து மிச்சிகனும் மயாமியும் ஆட்டத்தை வரைந்தன.

நம்மாள் ஒருவரும் உண்டு

ராபின்சனின் வில்லியம்ஸ் ஆடும் அதே சிறு கல்லூரி லீக்கில் டிரினிட்டி என்றொரு கல்லூரி. அங்கிருந்து மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக்கு, உதவித்தொகை இல்லாமலே மாறினார் ஓர் இந்திய வம்சாவளிப் பையன்: வருண் ராம், 5 அடி 9 அங்குலம். 2015 மார்ச் தேசியப் போட்டியில் வால்பரைசோவுக்கு எதிரான கடைசி விநாடிகள். மேரிலாண்ட் மூன்று புள்ளி முன்னிலை. எதிரணிக்குத் தேவை ஒரே ஒரு மூன்று புள்ளி. பயிற்சியாளர் வருணைத் தடுக்க இறக்கினார். எறிய வந்தவரைவிட்டு இம்மியும் விலகாமல் ஒட்டி நின்றார், எறிதல் கைகூடவில்லை. 65–62, மேரிலாண்ட் வெற்றி!

ஒருவர் மூன்று புள்ளி எறிந்து பெயர் வாங்கினார், இன்னொருவர் மூன்று புள்ளியைத் தடுத்துப் பெயர் வாங்கினார். இரண்டு பேருமே கல்லூரி மாறியவர்கள். இரண்டு பேரிடமும் ‘உனக்கு இந்த ஒரு வேலை’ என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு

இங்கே பீகிள்ஸ், மவுண்ட்ஸ் என்று கிளப்புகளில் சாயங்காலமானால் பந்து தட்டும் சத்தம் ஓயாது. நம் நடைமுறையில் பதிவேடெல்லாம் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டா, டி.சி., மைக்ரேஷன் சர்டிபிகேட், ஹாஸ்டல் இலவசமா, ஃபீஸ் எவ்வளவு கழிப்பார்கள் என்ற பேச்சு. பணமும் வசதியும் இருக்கிற இடங்கள் இந்த ஊரிலேயே உண்டு. 2022இல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளைத் தன் ஊரில் நடத்திய ஜெயின் பல்கலைக்கழகம் 20 தங்கத்தோடு பதக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பெங்களூர்ப் பெண் சஞ்சனா ரமேஷ் அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம்வரை போய் முதல் பிரிவில் ஆடியிருக்கிறார். கதவுகள் திறந்துதான் இருக்கின்றன.

ஆகவே, கையில் நல்ல ‘த்ரீ’ வைத்திருக்கும் தம்பி, தங்கைகளே! சீட் பேசப் போகும்போது ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே கோச்சிடம் இதையும் கேளுங்கள்: “சார், ஒரு ஆட்டத்தில் உங்கள் டீம் எத்தனை த்ரீ எறியும்? எனக்கு ஸ்க்ரீன் போட யார் இருக்கிறார்கள்?” பதில் தெளிவாக வந்தால் டி.சி.யை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். ‘அதெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கலாம்’ என்று வந்தால் இன்னும் இரண்டு கல்லூரி ஏறி இறங்குங்கள்.

ஆடாமல் பார்க்கிற நம் போன்றவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த தடவை மல்லேஸ்வரத்திலோ ஜெயநகரிலோ ஒரு மேட்ச் பார்க்க நேர்ந்தால், ஒரே ஒரு தாக்குதலுக்குப் பந்தைப் பார்க்காதீர்கள். மூலையில் சும்மா நிற்கிற அந்த ஆளை மட்டும் பாருங்கள். அவர் எப்போது ஓடத் தொடங்குகிறார், யார் உடம்பை அண்டி ஓடுகிறார், தடுப்பாளர் எங்கே முட்டிக்கொள்கிறார் என்று கவனியுங்கள். பந்து அவர் கைக்கு வருவதற்கு முன்பே ‘இது விழப்போகுது’ என்று பக்கத்து சீட்காரரிடம் சொல்லிவிடலாம். விழுந்துவிட்டால் அன்று அரங்கில் நீங்கள்தான் கெத்து!