தலையணியும் கூலியும்: மடுல்சீமைத் தோட்டங்கள் பற்றிய ஒரு குறிப்பு

பழைய தொப்பியொன்றைக் கையிலெடுக்கும் ஆடை வரலாற்றாசிரியர் முதலில் அதன் உட்புறத்தையே நோக்குவர். உட்பட்டையிற் படிந்த வியர்வைக் கறை, விற்ற கடையின் முத்திரை, கூந்தலோடு பிணைத்த ஊசியின் துளை ஆகியன அணிந்தவளைப் பற்றிப் பேசுவன. 1920களின் மணி வடிவத் தொப்பிக்கு ஊசி வேண்டியதில்லை. குறுகக் கத்தரித்த கூந்தலே அதற்கு ஏற்றது. இவ்வாய்வு முறையை மடுல்சீமைக்குப் பொருத்தி நோக்கினால் என்ன பெறப்படும் என்பதே நமது வினா.

தோட்டத்துத் துரைசாணிக்கு வெயிலில் நெட்டித் தொப்பி இருந்தது. வெப்ப நாட்டுச் சூரியக் கதிர் ஐரோப்பியரின் மண்டையையும் முதுகெலும்பையும் தாக்கும் என்னும் நம்பிக்கை குடியேற்றகால மருத்துவத்தில் வேரூன்றியிருந்தது. இரண்டாம் உலகப் போரையடுத்து அந்நம்பிக்கை கைவிடப்பட்டது, தொப்பியும் வழக்கொழிந்தது. றோபேரியிலும் பட்டாவத்தையிலும் அதே வெயிலில் கொழுந்தெடுத்தவளின் தலைக்கு இம்மருத்துவம் எதனையும் விதித்ததில்லை. (வங்கச் சதுப்பு நிலங்களில் நெட்டியை அறுத்தெடுத்த உழைப்பாளர் கதை தனியே எழுதற்குரியது.)

கொழுந்தெடுப்பவளின் தலையணி முக்காட்டுத் துணி, அதன்மேற் கூடைக்கயிறு, மழைக்குக் கம்பளி என அமைந்தது. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும். தேயிலையின் மணம் சிறந்து விலை ஏறுவதும் அப்பொழுதே. அக்காலத்திற்குத் துணி போதும். வடகீழ்ப் பருவ மழையிலோ கம்பளி கொங்காணியாகித் தலையேறியது. இன்று அதன் இடத்தைப் பெரும்பாலும் பொலித்தீன் பிடித்துக்கொண்டது.

அக்கம்பளி இலவசமன்று. அரிசியைப் போன்று அதுவும் தொழிலாளியின் கணக்கிற் பற்றெழுதப்பட்டது. கங்காணி முறையின் கீழ்க் கடலைக் கடக்குமுன்பே முன்பணக் கடன் தொடங்கிவிடும். மழைக்குத் தலையை மூடியதும் அக்கடன் மேலும் வளர்ந்தது. துரைசாணியின் தொப்பியிற் கடை முத்திரை உண்டெனில், இவளது தலையணிக்குரிய முத்திரை கணக்கேட்டின் பற்று வரியேயாகும்.

கயிறே நமது கருத்தில் முதன்மையானது. இரு கைகளும் கொழுந்துக்கே வேண்டப்படுதலின் கூடையின் பாரத்தைத் தலை ஏற்கிறது. மலையேற ஏறக் கூடை நிறைகிறது, கயிறு அழுந்துகிறது. முக்காட்டுத் துணி முதலில் நைவதும் அவ்விடத்திலேதான். தொப்பியின் வியர்வைக் கறையை ஆராய்வோர் இந்நைவையும் ஆராயலாம். குறித்த நிறை வராவிடின் அன்று அரைப்பேர். முழுப்பேர் விழுந்தாலும் 1984ஆம் ஆண்டு வரை பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியிற் குறைந்ததாகவே இருந்தது. கயிற்றைத் தலையிற் சுமந்தவள் அவளே என்பதை இவ்விடத்து நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தேயிலை விளம்பரங்களில் இத்தலையணி வேறு பொருள் பெறுகிறது. வெள்ளை முக்காடு, மூக்குத்தி, புன்னகை. கயிறு ஓர் அணிகலன் போலத் தோன்றும். ஈரக் கம்பளி விற்பனைக்கு உதவாது.

துரைசாணியின் தொப்பி பெட்டியில் வைத்துப் பேணப்பட்டது. இவளது துணியோ சேலையாயிருந்து முக்காடாகிப் பின் ஏணையாகி, கடைசியிற் கரித்துணியாகி அடுப்படியில் முடிந்துபோகும். அதைத் தேடும் ஆய்வாளர் அருங்காட்சியகத்தை விட்டு முதலிற் புரட்டவேண்டியவை தோட்டத்துப் பழைய கணக்கேடுகளே.