அணைக்க முடியாத காந்தத்துக்கு ஒரு சுவிட்ச்!

கொல்லிமலைக்குப் பஸ்சில் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? நாமக்கல் மாவட்டம், காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும், 70 கொண்டை ஊசி வளைவுகள்! எண்ணிக்கொண்டே போனால், பாதியில் தலை சுற்றிக் கணக்கை விட்டுவிடுவோம். அந்த மலையில், பார்ப்பவரைத் தன் சிரிப்பாலேயே மயக்கி இழுக்கும் ஒரு பாவை இருந்ததாகப் பழங்கதை உண்டு. சங்கப் பாடல்களில் கூட கொல்லிப்பாவை என்ற பெயர் வருகிறது.

கதை இருக்கட்டும்... நிஜமாகவே காந்தத்தோடு சொந்தம் கொண்டாடும் சரக்கு ஒன்று, அந்த மலைப் பாறைகளில் இருக்கிறது. அது, மேக்னடைட் என்ற கருப்பு இரும்புத் தாது. சேலம் பக்கத்துக் கஞ்சமலை, கோதுமலை, தருமபுரி பக்கத்துத் தீர்த்தமலை போல, கொல்லிமலை வட்டாரத்திலும் இந்தத் தாதுப் படுகைகள் உண்டு. வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற இரண்டு புவியியல் அறிஞர்கள், 1864-ல் வெளியான தங்கள் ஆய்வில் இவற்றைப் பதிவு செய்துள்ளனர். இந்த ஃபுட் தான், 1863-ல் சென்னைப் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தவர்!

இந்தக் கருப்புத் துகள்களைப் பார்க்க மலை ஏறக்கூட வேண்டாம். ஒரு காந்தத்தை ஆற்று மணலில் இழுத்துப் பாருங்கள். மீசை முளைத்தது போலத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை எடுக்கப் பாருங்கள், அங்கே தான் சிக்கல்! துடைத்தாலும், ஊதினாலும், நகத்தால் சுரண்டினாலும் முழுசாக வராது. காந்தத்துக்குப் பிடிக்கத் தெரியும், விடத் தெரியாது.

மணல் என்றால் பரவாயில்லை. லேத் பட்டறையில் இதே சிக்கல் வந்தால்?

லாரிகளுக்குக் கூண்டு கட்டுவதில் பேர் போன ஊர் நாமக்கல். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பேர் போனது திருச்செங்கோடு. இந்தத் தொழில்களுக்கெல்லாம் லேத் பட்டறைகள் வேண்டும். லேத்தில் ஒரு இரும்புத் தண்டைப் பூட்டினால், அது நடுமையமாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு, டயல் கேஜ் என்று ஒரு கருவி. பார்க்கக் கடிகாரம் மாதிரி இருக்கும், 0.01 மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கூட முள் காட்டிவிடும். நம் தலைமுடியின் தடிமனே அதைப்போல் பல மடங்கு!

அவ்வளவு நுணுக்கமான கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு அளக்க முடியுமா? மூச்சு விட்டாலே முள் ஆடும். அதனால், அதை ஒரு கம்பியில் மாட்டி, கம்பியைக் காந்தக் கட்டையில் செருகி, லேத்தின் மேல் உட்கார வைப்பார்கள். இதைப் பட்டறையில், 'மேக்னெட் ஸ்டாண்டு' என்பார்கள். சோப்புக் கட்டியை விடக் கொஞ்சம் பருமன் தான். ஆனால், பலவற்றின் பிடி 60 கிலோ எடையைத் தாங்கும்!

அப்படியென்றால், அதை எடுப்பது எப்படி? பக்கவாட்டில் ஒரு குமிழ் இருக்கிறது. 'டக்'கென்று கால் சுற்றுத் திருப்பினால் போதும். கட்டை, பூ மாதிரி கையோடு வந்துவிடும். ஒட்டிய இரும்புச் சீவல்களும் உதிர்ந்துவிடும். உள்ளே பேட்டரி இல்லை, ஒயர் இல்லை!

'மின்காந்தம் வைத்தால் சுலபமாச்சே...' என்று நினைப்பீர்கள். இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன், 1825-லேயே மின்காந்தத்தைச் செய்து காட்டினார். மின்சாரத்தை நிறுத்தினால், அது பிடித்ததை விட்டுவிடும். ஆனால், வேலை நடக்கும்போது கரன்ட் போனாலும் விட்டுவிடுமே! நம் ஊர்க் கரன்ட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலைக்காந்தத்துக்கு அந்தக் கவலை கிடையாது.

நிலைக்காந்தத்தை எப்படி அணைத்தார்கள்? அணைக்கவே இல்லை! அதன் வழியை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியரிடம் ஒரு லாடக் காந்தம் கேளுங்கள். அதன் முனைகளின் ஓரத்தில் குண்டூசிகளைத் தொங்க விடுங்கள். பிறகு, கொஞ்சம் தடிமனான இரும்புத் துண்டை இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பாலம் போல ஒட்டுங்கள். பெரும்பாலான ஊசிகள் பொலபொலவென உதிர்ந்துவிடும். ஏன்? காந்தத்தின் வட முனையிலிருந்து கிளம்பும் விசைக் கோடுகள், எப்படியாவது தென் முனைக்குப் போய்ச் சேர வேண்டும். காற்று அவற்றுக்குக் கரடுமுரடான பாதை. இரும்பு, நால்வழிச் சாலை! இரும்புப் பாலம் கிடைத்ததும், எல்லாம் அதன் வழியே போய்விடுகின்றன. ஊசிகளைப் பிடிக்க வெளியே மிச்சம் இருப்பது கொஞ்சம் தான்.

மேக்னெட் ஸ்டாண்டின் ரகசியமும் இதுதான். பிரெட் சாண்ட்விச்சை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரெட் துண்டுகள், மைல்டு ஸ்டீல் கட்டைகள். நடுவே இருக்கும் பூரணம், பித்தளைத் தகடு. பித்தளையைக் காந்தம் ஈர்க்காது. விசைக் கோடுகளுக்கு அதுவும் காற்றைப் போலத்தான். சாண்ட்விச்சை நிமிர்த்தி வைத்து, பூரணத்தோடு சேர்த்து ஒரு பென்சிலைச் செருகுவது போல, நட்ட நடுவில் உருண்டையாகத் துளை போட வேண்டும். துளை, பித்தளைத் தகட்டை விட அகலம். அதனால், பித்தளை மேலேயும் கீழேயும் மட்டும் மிஞ்சும். துளைக்குள் உருளைக் காந்தம் ஒன்று சுழலும். சாதாரண உருளைக் காந்தம் ஆகாது. இதற்கு ஒரு பக்கவாட்டில் வட முனை, எதிர்ப் பக்கவாட்டில் தென் முனை இருக்க வேண்டும்.

வட முனை இடது கட்டையையும், தென் முனை வலது கட்டையையும் பார்த்தால், 'ஆன்'. இடது கட்டையிலிருந்து வலது கட்டைக்குப் போக, நடுவே பித்தளைச் சுவர். அடியில் இருக்கும் லேத் இரும்பு தான் ஒரே பாலம். கோடுகள் அதில் இறங்கி ஏற, கட்டை இறுகப் பிடிக்கும். காந்தத்தைக் கால் சுற்றுத் திருப்பினால், முனைகள் பித்தளையை நோக்கி மேலும் கீழுமாக நிற்கும். அப்போது, ஒவ்வொரு கட்டையும் வட முனை, தென் முனை இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும். கோடுகள் உள்ளேயே சுற்றி வீடு திரும்பிவிடும். 'ஆப்'!

சொந்தமாக லேத் வைத்திருக்கும் மாமாவோ, சித்தப்பாவோ இருந்தால், இதை வீட்டுப் பட்டறையிலேயே செய்யலாம். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். லேத்தில் கை வைக்க வேண்டாம். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள காந்தம் என்றால், துளை அதைவிட ஒரு மயிரிழை தான் பெரிதாக இருக்கலாம். இடைவெளி கூடக்கூட, பிடி குறையும்.

முதல் தடவை செய்பவர்கள் ஏமாறுவது, போல்ட்டில். கட்டைகளைச் சேர்க்க இரும்பு போல்ட் போட்டால், பித்தளைச் சுவரில் திருட்டு வழி திறந்த கதை தான்! 'ஆன்' செய்யும்போது, கோடுகள் லேத்துக்கு இறங்காமல், போல்ட் வழியே நழுவிவிடும். பித்தளை போல்ட் போட வேண்டும்.

காந்தத்தைக் கடைசியில் தான் உள்ளே விட வேண்டும். முன்னாலேயே விட்டால், கடைசல் சீவல் முழுக்க அதில் அப்பிக்கொள்ளும். இப்போது கிடைக்கும் நியோடிமியம் காந்தங்கள், ஜப்பானின் மசாட்டோ சகாவா, 1982-ல் உருவாக்கிய வகை. இழுப்பில் சூரன், உடம்பில் அப்பளம்! டிரில் போட்டால் உடையும், அதன் தூள் தீப்பிடிக்கும். சாதாரண ரகம், 80 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே பலம் இழக்கத் தொடங்கிவிடும். இரண்டு காந்தங்களுக்கு நடுவே விரல் மாட்டினால் நசுங்கிவிடும். குட்டித் தம்பி, தங்கை கைக்கு எட்டவே கூடாது. ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால், குடலின் மடிப்புகளை நடுவே வைத்து அவை ஒட்டிக்கொண்டு, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

செய்து முடித்த கட்டையைக் கையில் தூக்கிப் பிடித்து, 'ஆன்' பக்கம் திருப்பிப் பாருங்கள். குமிழ் முரண்டு பிடிக்கும். உள்ளே சொகுசாகச் சுற்றிக்கொண்டிருந்த கோடுகளைக் காற்றுக்குத் தள்ளுகிறோம் அல்லவா! அதே கட்டையைக் கனமான இரும்பின் மேல் வைத்துத் திருப்புங்கள்... குமிழ் இளகிக்கொடுக்கும். மெல்லிய தகர டப்பாவின் மேல் வைத்தால், பிடி அவ்வளவாக இருக்காது. பெயின்ட் அடித்த இரும்பிலும், நடுவே ஒரு தாளை வைத்தாலும் எவ்வளவு குறைகிறது என்று, மாமாவைக் கேட்டு நீங்களே இழுத்துப் பாருங்கள்.