ஏ.சி. போட்டா அனல் அடிக்குதா? பர்ஸைத் திறக்கும் முன்னாடி பானெட்டைத் திறங்க பாஸ்!

கத்திரி வெயில்ல போளூர் எப்படி இருக்கும்னு எங்க ஊர்க்காரங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. ஒரு பக்கம் சம்பத்கிரி பாறை, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை. நடுவுல நாம வாணலில போட்ட வடை மாதிரி ரெண்டு பக்கமும் வெந்துக்கிட்டு இருப்போம். அப்படி ஒரு மே மாசத்துலதான் எங்க வீட்டுக் காரோட ஏ.சி. கையை விரிச்சிடுச்சு.

2003 மாடல் கார். அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. காலேஜ்ல பசங்க அதுக்கு வெச்ச பேரு 'மியூசியம்'. கிண்டல் கிடக்கட்டும்... எங்க ஆயாவுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை வேலூர்ல டயாலிசிஸ். முடிச்சிட்டு வரும்போது பிரஷர் இறங்கி, துவண்டு போய் பின் சீட்டுல சாய்ஞ்சிருப்பாங்க. மதியம் ரெண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தா அனல், மூடினா அவியல். ஒரு நாள் கண்ணமங்கலம் தாண்டும்போது ஆயாவுக்கு மயக்கமே வந்துடுச்சு. புளியமரத்து நிழல்ல வண்டியை ஓரம் கட்டி, முகத்துல தண்ணி தெளிச்சு... அன்னிக்கு நான் பயந்த பயம் எந்த அரியர் ரிசல்ட்டுக்கும் பயந்ததில்லை.

மறுநாள் காலையில ஒரு ஒர்க்‌ஷாப். பானெட்டைத் தூக்கி ரெண்டே நிமிஷம் பார்த்துட்டு, "கம்ப்ரஸர் அவுட் தம்பி. புதுசு போட்டா பதினெட்டாயிரம் ஆகும்" என்றார் மெக்கானிக். அப்பா முகத்தைப் பார்த்தேன். அது அப்படியே என் செமஸ்டர் ஃபீஸ். "யோசிச்சு சொல்றோம்ணா"ன்னு வண்டியைத் திருப்பிட்டோம்.

அன்னிக்கு சாயங்காலம் மெக்கானிக்கல் படிக்கிற நண்பன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். "ரெண்டு நிமிஷத்துல கம்ப்ரஸர் அவுட்னு எப்படிடா சொல்ல முடியும்? வா, பார்த்துடலாம்!"

குளிர் எங்கிருந்து வருது?

ஏ.சி. குளிரைத் தயாரிக்கிற மெஷின் இல்லைங்க. கேபின்ல இருக்கிற சூட்டை அள்ளிட்டுப் போய் வெளியில கொட்டுற கூலி ஆள், அவ்வளவுதான். அந்தச் சூட்டைச் சுமக்கிறதுதான் 'கேஸ்'. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்பும். ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கிற கண்டன்சர்ல சூட்டைக் காத்துல விட்டுட்டு அது திரவமாகும். டிரையர்ல ஈரம் வடிகட்டப்படும். எக்ஸ்பான்ஷன் வால்வோட குட்டி ஓட்டையைத் தாண்டினதும் பிரஷர் சட்டுன்னு இறங்கி, டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற கூலிங் காயில்ல ஜில்லுன்னு ஆவியாகும். அதுமேல ப்ளோயர் ஊதுற காத்துதான் நம்ம முகத்துக்கு வருது. கையில ஸ்பிரிட் தடவினா ஜில்லுங்குதே, அதே கதைதான்.

மூணு கேள்வி, முக்காவாசி பதில்!

ஒண்ணு: காத்து வருதா? வரலைன்னா பிரச்னை ஏ.சி.யிலேயே இல்லை. ப்ளோயர் ஃப்யூஸ், ஸ்விட்ச் இல்லைன்னா மோட்டார். ஃபுல் ஸ்பீடுல மட்டும் ஓடி மத்த ஸ்பீடு வேலை செய்யலைன்னா பெரும்பாலும் ரெசிஸ்டர்தான் காலி. சின்னச் செலவு.

ரெண்டு: காத்து வருது, ஜில்லுன்னு இல்லை. அப்போ கம்ப்ரஸர் சுத்துதா? பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஐடில்ல விட்டு, ஒருத்தர் ஏ.சி. பட்டனைத் தட்டணும், ஒருத்தர் தள்ளி நின்னு பார்க்கணும். கழுத்துல ஐ.டி. கார்டு, துப்பட்டா தொங்கினா கழட்டி வெச்சிடுங்க, பெல்ட் இழுத்துடும்! புல்லி எப்பவும் சுத்தும். ஏ.சி. போட்டதும் 'டக்'னு ஒரு சத்தம் கேட்டு முன்னாடி இருக்கிற தட்டும் சேர்ந்து சுத்தணும். அதுதான் கிளட்ச்.

(1939-ல அமெரிக்காவுல பேக்கார்டு கம்பெனி கார்ல ஏ.சி.யைக் கொண்டு வந்தப்போ இந்த கிளட்ச்சே கிடையாது. ஏ.சி. வேண்டாம்னா இன்ஜினை நிறுத்தி பெல்ட்டைக் கழட்டணும்! நாம ஒரு பட்டனுக்கே சலிச்சுக்கறோம்.)

மூணு: எப்போ குளிருது, எப்போ குளிரலை? ஓடும்போது ஜில், சிக்னல்ல நின்னா அனல்னா கண்டன்சர் ஃபேனையும், கண்டன்சர்ல அடைஞ்ச தூசியையும் சந்தேகப்படுங்க. கிளம்பும்போது ஜில், அரை மணி கழிச்சுக் காத்தே குறையுதுன்னா கூலிங் காயில்ல ஐஸ் பிடிக்குது, தெர்மோஸ்டாட்டைப் பாருங்க. கிளட்ச் சில விநாடிக்கு ஒரு தடவை 'டக்... டக்'னு விட்டு விட்டுப் பிடிச்சா கேஸ் குறைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்.

எங்க வண்டியில நடந்தது என்ன?

காத்து வந்துச்சு. 'டக்' வரலை. புல்லி மட்டும் சுத்துது, தட்டு சும்மா நிக்குது. கம்ப்ரஸர் அவுட்டா? "அவசரப்படாதே. அதுக்கு கரன்ட் போகுதான்னு பார்க்கலாம்" என்றான் நண்பன். ஃப்யூஸ் நல்லா இருந்துச்சு. அதே நம்பர்ல இருந்த ஹாரன் ரிலேயைப் பிடுங்கி ஏ.சி. ரிலே இடத்துல போட்டுப் பார்த்தோம். ம்ஹூம். டெஸ்ட் லாம்ப்பை கிளட்ச் ஒயர்ல வெச்சா எரியலை. எலி கடிச்சிருக்குமோன்னு ஒயர் முழுக்க டார்ச் அடிச்சோம். எலியும் நிரபராதி.

அப்போதான் கண்டன்சர் பைப் ஜாயின்ட்ல ஒரு கறுப்புப் பிசுக்கு கண்ணுல பட்டுச்சு. எண்ணெயில தூசி ஒட்டின மாதிரி. "மாட்டிக்கிச்சு!"ன்னு கத்தினான்.

விஷயம் இதுதான். கேஸோட சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் ஊர்வலம் போகும். கேஸ் கசிஞ்சா ஆயிலும் கசியும், பிசுக்கு பிடிக்கும். கேஸ் ரொம்பக் குறைஞ்சா பிரஷர் ஸ்விட்ச் கிளட்ச்சுக்குப் போற கரன்ட்டை வெட்டிடும். ஏன்னா ஆயில் சுத்தி வராம ஓடினா கம்ப்ரஸர் நிஜமாவே ஜாம் ஆகிடும். அதாவது 'அவுட்'னு சொன்ன கம்ப்ரஸரை அந்தக் குட்டி ஸ்விட்ச் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு! இந்த ஸ்விட்ச்சை ஒயர் போட்டு பைபாஸ் பண்ற வீரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதுக்கு மேல நம்ம கை போகக் கூடாது. திருவண்ணாமலையில கார் ஏ.சி. மட்டுமே பார்க்கிற ஒரு அண்ணாகிட்ட போனோம். கேஜ் மாட்டினார். பிரஷரே இல்லை. நைட்ரஜன் ஏத்தி, ஜாயின்ட்ல சோப்பு நுரை தடவினார். நாங்க சொன்ன அதே இடத்துல முட்டை முட்டையா நுரை! தேய்ஞ்சு போன ஒரு ரப்பர் ஓ ரிங். அவ்வளவுதான் வில்லன். ஓ ரிங், புது டிரையர், வேக்யூம், கேஸ் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். செமஸ்டர் ஃபீஸ் தப்பிச்சுது.

ஏமாறாம இருக்க...

* கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போறது இல்லை, சீல் பண்ணின பைப்புக்குள்ள சுத்துறது. சீசனுக்கு சீசன் 'டாப்-அப்' கேட்டா கசிவைக் கண்டுபிடிக்கலைன்னு அர்த்தம்.

* கேஸ் ஏத்தும் முன்னாடி அரை மணி நேரமாவது வேக்யூம் போடச் சொல்லுங்க. உள்ளே ஈரம் தங்கினா எக்ஸ்பான்ஷன் வால்வுல ஐஸாகி அடைக்கும், உள்ளுக்குள்ள அரிக்கும்.

* எத்தனை கிராம் கேஸ்னு பெரும்பாலும் பானெட்டுக்குக் கீழே ஸ்டிக்கர்ல இருக்கும். எடை போட்டுத்தான் ஏத்தணும். அதிகமானாலும் கூலிங் குறையும்.

* விலை கம்மின்னு சமையல் கேஸ் வகையறாவை ஏத்த விடாதீங்க. கேபினுக்குள்ள கசிஞ்சா ஒரு பொறி போதும்.

* தொண்ணூறுகளோட கார்கள் பலதுல ஆர்-12 கேஸ். ஓசோனை ஓட்டை போடுற சி.எஃப்.சி. வகை. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் அதுக்கு முடிவு கட்டுச்சு. அந்த வண்டிகளை ஆர்-134ஏ-வுக்கு மாத்தும்போது ஆயில், ஓ ரிங், டிரையரையும் மாத்தணும். கேஸை மட்டும் மாத்தினா கம்ப்ரஸர் கோவிச்சுக்கும்.

* ஆர்-134ஏ ஓசோனை விட்டுடும், ஆனா பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ காத்துல கலந்தா சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். அதனால 'புஸ்'ஸுன்னு வெளியே விடாம மெஷின்ல பிடிச்சு வைக்கிற இடமா பார்த்துப் போங்க.

* அத்திமூர் வழியா ஜமுனாமரத்தூர் ஏறும்போது பழைய வண்டியில ஏ.சி.யை அணைச்சிட்டு டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்க. மேலே போயிட்டா மலைக்காத்துதான் ஏ.சி.! சூடா இருக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீங்க.

* நிறுத்தின கார்ல இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுத் தூங்காதீங்க. புகையில வர்ற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, இரக்கமும் கிடையாது.

ஒரு கொசுறு!

இதையே தொழிலா கத்துக்கணுமா? பத்தாவது முடிச்சவங்க ஐ.டி.ஐ.யில ரெண்டு வருஷ குளிர்சாதன டெக்னீஷியன் படிப்புல சேரலாம். 2019-ல மத்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல் திட்டம், ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி தரணும்னு இலக்கு வெச்சது. புதுசா தயாராகிற பெரிய லாரிகளோட டிரைவர் கேபினுக்கும் ஏ.சி. கட்டாயம். வெயில் குறையப் போறதில்லை, வேலையும் குறையாது!

அடுத்த டயாலிசிஸ் முடிஞ்சு திரும்பும்போது அதே மதியம், அதே ரோடு. கண்ணமங்கலம் தாண்டும்போது கண்ணாடியில பின் சீட்டைப் பார்த்தேன். ஆயா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டு, கண்ணைத் திறக்காமலேயே சொன்னாங்க:

"டேய்... குளுருதுடா. கொஞ்சம் கொறைச்சு வை."